மாமா ஏன் நம்பவில்லை? ஒரு தேர்தல் முடிவும் மூன்று கணக்குகளும்

மாணவர்களே, 2022-ஆம் ஆண்டுப் பொங்கலுக்கு என் தாய்மாமா எங்கள் வீட்டுக்கு வரவில்லை. ஒவ்வோர் ஆண்டும் அம்மாவுக்குக் கரும்பும் மஞ்சள் கொத்தும் சீராகக் கொண்டு வருபவர் அவர். உம்பாயில் இருக்கும் அவர் வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு மோட்டார்சைக்கிளில் இருபது நிமிடம்கூட ஆகாது. பால் பொங்கி வழிந்த பிறகும் அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சண்டைக்குக் காரணம் சொத்து அல்ல, கடன் அல்ல. ஒரு தேர்தல் முடிவு. அதைப் பற்றி அறிவியல் பக்கத்தில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். ஒரு முடிவை நம்புவதா வேண்டாமா என்பதுதான் அறிவியலின் முதல் கேள்வி. ஆய்வுக்கூடத்தில் கேட்கும் அதே கேள்வியை வீட்டில் கேட்கும்போது நாம் எங்கே சறுக்குகிறோம் என்பதே இந்த வாரப் பாடம். முதலில் சறுக்கியது நான்தான்.

நடந்தது என்ன?

2021 நவம்பர் 20-ஆம் தேதி மலாக்கா மாநிலச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. மொத்தம் 28 தொகுதிகள். தேசிய முன்னணி 21 இடங்களையும், பக்காத்தான் ஹராப்பான் 5 இடங்களையும், பெரிக்காத்தான் நேஷனல் 2 இடங்களையும் பிடித்தன. மாமாவின் கட்சி எது என்பது இந்தப் பாடத்துக்குத் தேவையில்லை. அது தோற்றது, மாமாவால் அதை ஏற்க முடியவில்லை. அவ்வளவு போதும்.

எங்கள் குடும்பப் புலனக் குழுவில் அன்றிரவே எழுதினார்: "இது நடக்கவே முடியாது. பெட்டிய மாத்திட்டாங்க." அதற்கு மூன்று காரணங்களும் சொன்னார். ஒன்று, அவர் பார்த்த எல்லாரும் அவர் கட்சிக்குத்தான் ஓட்டுப் போட்டார்கள். இரண்டு, எண்ணிக்கையில் முதலில் முன்னால் இருந்த வேட்பாளர் பிறகு பின்னால் போய்விட்டார். மூன்று, பாதிப் பேர்கூட ஓட்டுப் போடாத கட்சிக்கு முக்கால்வாசி இடம் கிடைத்தது எப்படி?

அந்தத் தேர்தலில் நான் ஒரு வாக்குச்சாவடியில் குமாஸ்தாவாகப் பணியாற்றினேன். நம் நாட்டில் ஆசிரியர்கள் பலர் இந்த வேலை செய்வதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அன்று இரவு களைப்போடு வீடு திரும்பி, மாமாவின் செய்தியைப் படித்துவிட்டு, சிரிக்கும் முகப் படங்கள் நான்கைப் போட்டு, "கணக்குத் தெரியாதவங்கதான் இப்படிப் பேசுவாங்க மாமா" என்று பதில் எழுதினேன். சொந்தபந்தம் எல்லாரும் அதைப் படித்தார்கள். மாமா ஒரே ஒரு வரி எழுதினார்: "நீயும் அங்கதானம்மா உட்கார்ந்திருந்தே." பிறகு குழுவை விட்டு வெளியேறினார்.

ஒருவர் ஒரு கூற்றை முன்வைத்தார். நான் கூற்றைச் சோதிக்காமல் சொன்னவரைக் கேலி செய்தேன். வகுப்பில் உங்களில் ஒருவர் இப்படிச் செய்தால் நான் கண்டித்திருப்பேன். பொங்கலன்று அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் மாமாவின் மூன்று காரணங்களையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகச் சோதிக்க உட்கார்ந்தேன். வாருங்கள், நாமும் சோதிப்போம்.

முதல் கணக்கு: கலக்காத ரசம்

"நான் பார்த்த எல்லாரும்" என்கிறார் மாமா. யாரைப் பார்த்தார்? காலையில் தேநீர்க் கடையில் கூடும் நண்பர்கள், தோட்டத்தில் ஒன்றாகப் பால்மரம் வெட்டியவர்கள், கோவில் கமிட்டியில் இருப்பவர்கள். ஏறக்குறைய எல்லாரும் ஒரே வயது, ஒரே வாழ்க்கை. அறிவியலில் இதை மாதிரி என்கிறோம். பெரிய கூட்டத்தை அறிய அதில் ஒரு சிறு பகுதியை எடுத்துப் பார்ப்பது.

ரசத்தைக் கலக்காமல் மேலாக ஒரு கரண்டி எடுத்து ருசித்தால் தெளிவுதான் வரும். அடியில் கிடக்கும் பருப்பும் மிளகும் தெரியாது. கரண்டி பெரிதாக இருந்தாலும் பயனில்லை; கலக்கியிருக்க வேண்டும். மாமா ஐம்பது பேரைக் கேட்டிருக்கலாம். ஐம்பதும் ஒரே அடுக்கிலிருந்து எடுத்தவை.

இன்னொன்றும் உண்டு. அந்தத் தேர்தலில் வாக்களித்தவர்கள் ஏறக்குறைய 66 விழுக்காட்டினர் மட்டுமே. 2018 பொதுத்தேர்தலில் அது 80 விழுக்காட்டுக்கும் மேல். கோவிட் காலம், வெளியூரில் வேலை செய்த பலர் ஊர் திரும்பவில்லை. ஆகவே "எங்க கட்சிக்குத்தான்" என்று சொன்னவர்கள் எல்லாரும் சாவடிக்குப் போனார்களா என்பது தனிக் கேள்வி. கடையில் சொல்லும் ஓட்டைப் பெட்டி எண்ணாது.

இரண்டாம் கணக்கு: முன்னால் போனவர் பின்னால் வந்தது

நம் நாட்டில் ஒரு வாக்களிப்பு மையம் பல வரிசைகளாகப் பிரிக்கப்படுகிறது. மலாயில் சாலுரான் என்பார்கள். இந்தப் பிரிவு வயதுப்படி அமைகிறது: மூத்தவர்கள் முதல் வரிசை, இளையவர்கள் கடைசி வரிசை. ஆகவே ஒவ்வொரு வரிசையும் ஒரு தனி அடுக்கு. எல்லா வரிசைகளின் எண்ணிக்கையும் ஒரே நேரத்தில் முடிவதில்லை. எது முதலில் முடிகிறதோ அதுதான் முதலில் பரவும்.

ஒரு பயிற்சி செய்வோம். எண்கள் பாடத்துக்காக நான் அமைத்தவை. வேட்பாளர் க, வேட்பாளர் ச என இருவர். ஐந்து வரிசைகளின் முடிவுகள் இந்த வரிசைக்கிரமத்தில் வருகின்றன:

வரிசை 1: க 260, ச 140
வரிசை 2: க 230, ச 190
வரிசை 3: க 200, ச 240
வரிசை 4: க 170, ச 270
வரிசை 5: க 150, ச 290

ஒவ்வொரு கட்டத்திலும் கூட்டிப் பாருங்கள். முதல் வரிசை முடிந்ததும் க 120 ஓட்டு முன்னிலை. இரண்டாவது முடிந்ததும் 160. மூன்றாவதில் 120. நான்காவதில் 20. ஐந்தாவது முடிந்ததும் க 1,010, ச 1,130. ச 120 ஓட்டில் வெற்றி. யாரும் எதையும் மாற்றவில்லை. கடைசி வரிசை முதலில் வந்திருந்தால் ச தொடக்கம் முதலே முன்னிலையில் இருந்திருப்பார். ஓட்டு ஒன்றே; வந்த வரிசை மட்டும் வேறு.

இதே குழப்பம் 2020 அமெரிக்க அதிபர் தேர்தலிலும் எழுந்தது. தபால் வாக்குகள் பிந்தி எண்ணப்பட்ட மாநிலங்களில் முன்னிலை மாறியது. மோசடி என்று அறுபதுக்கும் மேற்பட்ட வழக்குகள் போடப்பட்டன; முடிவை எதுவும் மாற்றவில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ஏறக்குறைய 50 லட்சம் வாக்குச்சீட்டுகளைக் கையால் மறுபடி எண்ணினார்கள். வென்றவர் அப்போதும் அவரேதான்.

மூன்றாம் கணக்கு: 38 எப்படி 75 ஆனது?

மாமாவின் மூன்றாவது காரணத்தைச் சோதித்தபோதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. ஏனென்றால் அவர் சொன்ன எண் சரி. அந்தத் தேர்தலில் தேசிய முன்னணி பெற்றது ஏறக்குறைய 38 விழுக்காடு வாக்குகள். பக்காத்தான் ஹராப்பான் ஏறக்குறைய 36 விழுக்காடு. பெரிக்காத்தான் நேஷனல் ஏறக்குறைய 24 விழுக்காடு. ஆனால் 28-இல் 21 இடம் என்பது 75 விழுக்காடு. கணக்குத் தெரியாதவர் என்று நான் கேலி செய்தவர், கணக்கில் ஒரு விந்தையைக் கண்டுபிடித்திருக்கிறார்!

இதற்கும் ஒரு சிறு பயிற்சி. நான்கு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் 100 ஓட்டு, அ, ஆ, இ என மூன்று கட்சிகள்.

தொகுதி 1: அ 40, ஆ 34, இ 26
தொகுதி 2: அ 39, ஆ 36, இ 25
தொகுதி 3: அ 41, ஆ 32, இ 27
தொகுதி 4: அ 32, ஆ 42, இ 26

கூட்டினால் அ கட்சிக்கு 400-இல் 152, அதாவது 38 விழுக்காடு. ஆ கட்சிக்கு 144, அதாவது 36 விழுக்காடு. ஆனால் அ கட்சி நான்கில் மூன்று தொகுதிகளை வென்றுவிட்டது: 75 விழுக்காடு. ஒரு தொகுதியில் யார் அதிக ஓட்டு வாங்குகிறாரோ அவரே உறுப்பினர். பாதியைத் தாண்ட வேண்டியதில்லை. மூவர் மோதும்போது ஓட்டுகள் சிதறும். 40 ஓட்டே வெல்லப் போதும். மலாக்காவில் 28 தொகுதிகளிலும் இந்த மூன்று அணிகளும் மோதின.

இது புதிதும் அல்ல. 2013 மே 5 பொதுத்தேர்தலில் ஏறக்குறைய 47 விழுக்காடு வாக்கு பெற்ற தேசிய முன்னணிக்கு 222-இல் 133 இடங்கள். ஏறக்குறைய 51 விழுக்காடு பெற்ற பக்காத்தான் ராக்யாட்டுக்கு 89 இடங்கள். அன்றும் பல்லாயிரம் பேர் கறுப்புச் சட்டை அணிந்து திடல்களில் கூடினார்கள்.

இங்கே இரண்டு கேள்விகளைப் பிரிக்கப் பழகுங்கள். "விதி நியாயமானதா?" என்பது ஒன்று. "எண்ணிக்கையில் மோசடி நடந்ததா?" என்பது வேறொன்று. விதி பிடிக்காவிட்டால் அதை மாற்றச் சொல்லி வாதாடலாம். உலகில் பல நாடுகள் வேறு விதிகளையே பின்பற்றுகின்றன. ஆனால் விதியால் வந்த முடிவை மோசடியால் வந்தது என்று சொல்ல, தனிச் சான்று வேண்டும். மாமா முதல் கேள்விக்கான சான்றை இரண்டாம் கேள்விக்குக் காட்டிவிட்டார். அவர் மட்டுமல்ல, பலரும் செய்யும் பிழை இது.

ஐயப்படுவது குற்றமா?

இல்லை. ஐயம் இல்லாமல் அறிவியல் இல்லை. 2013-இல்தான் நம் பொதுத்தேர்தலில் முதன்முதலாக விரலில் அழியாத மை பூசினார்கள். இத்தகைய மையில் வழக்கமாக இருப்பது சில்வர் நைட்ரேட். மலாய்ப் பாடநூலில் அர்ஜென்டம் நைட்ரேட் என்று படித்திருப்பீர்கள். அது தோலில் உள்ள உப்போடு வினைபுரிந்து நீரில் கரையாத சில்வர் குளோரைடு ஆகிறது. வெளிச்சம் பட்டதும் கறுத்துவிடும். சோப்பு போட்டாலும் போகாது. தோலும் நகமும் வளர்ந்து தேயும்வரை நிற்கும்.

ஆனால் அந்த ஆண்டு மை கழுவியதும் போய்விட்டதாகப் பலர் புகார் செய்தார்கள். அந்த மையில் இருந்தது உணவுச் சாயமே என்று பின்னர் நாடாளுமன்றத்திலேயே சொல்லப்பட்டது. ஐயப்பட்டவர்கள் சரி! அது நல்ல ஐயம், ஏனென்றால் அதைச் சோதிக்க முடிந்தது: ஒரு குழாய், ஒரு சோப்பு போதும். எனினும் அந்தச் சான்று எதுவரை செல்லும் என்றும் பார்க்க வேண்டும். மை அழிந்தது என்பது ஒருவர் இரண்டு முறை ஓட்டுப் போட வழி இருந்தது என்று காட்டலாம். இரண்டு முறை போட்டார்கள் என்று காட்டாது. அதற்கு அடுத்த சான்று தேவை.

மூளை செய்யும் தந்திரம்

உங்கள் நண்பரிடம் ஒரு விளையாட்டு விளையாடிப் பாருங்கள். "2, 4, 6 என்ற எண்கள் என் மனத்திலுள்ள ஒரு விதிப்படி அமைந்தவை. நீ வேறு மூன்று எண்கள் சொல். பொருந்துமா இல்லையா என்று சொல்கிறேன். விதியைக் கண்டுபிடி" என்று கேளுங்கள். பெரும்பாலோர் 8, 10, 12 என்பார்கள். பொருந்தும். 20, 22, 24 என்பார்கள். பொருந்தும். "இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்!" என்று மகிழ்ச்சியோடு சொல்வார்கள். தவறு. விதி, "ஏறுவரிசை" என்பது மட்டுமே. 1, 7, 50 கூடப் பொருந்தும்.

இதை லண்டனில் உளவியலாளர் பீட்டர் வேசன் 1960-இல் செய்து காட்டினார். நம் எண்ணத்துக்கு ஒத்துப்போகும் சான்றையே தேடுகிறோம். அதை உடைக்கக்கூடிய சான்றைத் தேடுவதில்லை. மாமா பெட்டி மாறியதாகச் சொன்ன காணொளிகளையே பார்த்தார். நான் மாமாவைப் போன்றவர்களைக் கேலி செய்யும் பதிவுகளையே படித்தேன். இருவர் கையிலும் 8, 10, 12 தான் இருந்தது.

பால் நிறுக்கும் கொட்டகை

பொங்கல் கழிந்த வாரம் நானே உம்பாய்க்குப் போனேன். புலனத்தில் எழுதவில்லை, பிறர் முன்னிலையில் பேசவில்லை. முதலில், "நான் கேலி பண்ணினது தப்பு மாமா. அந்த 38 கணக்கு நீங்க சொன்னது சரிதான்" என்றேன். மாமா எதுவும் சொல்லாமல் நாற்காலியை நகர்த்திப் போட்டார். அத்தை தேநீர் கொண்டு வந்தார்.

பிறகு கேட்டேன்: "மாமா, எதைப் பார்த்தா எண்ணிக்கை ஒழுங்கா நடந்துச்சுன்னு நம்புவீங்க?"

அவர் வெகுநேரம் யோசித்தார். "நான் தோட்டத்துல இருந்தப்போ பால் நிறுக்கிற கொட்டகையில கிராணி எழுதுவாரு. நானும் என் புத்தகத்துல எழுதுவேன். மாசக் கடைசியில ரெண்டையும் ஒத்துப் பார்ப்பேன். ரெண்டும் ஒண்ணா இருந்தா சண்டையில்ல. ஓட்டுக்கு அந்த மாதிரி ரெண்டாவது புத்தகம் எங்க இருக்கு?"

இருக்கிறது, மாணவர்களே! ஒவ்வொரு வரிசையிலும் எண்ணிக்கை முடிந்ததும் அதிகாரி பாரம் 14 என்ற தாளில் முடிவை எழுதிக் கையெழுத்திடுவார். எண்ணும்போது அங்கே இருக்கும் வேட்பாளர்களின் பிரதிநிதிகளும் கையெழுத்திடுவார்கள். அவர்களுக்கு ஒரு நகல் கிடைக்கும். எல்லா வரிசைகளின் நகல்களையும் கூட்டினால் தொகுதியின் மொத்தம் வர வேண்டும். அதிகாரியிடம் ஒரு புத்தகம், ஒவ்வொரு கட்சியிடமும் ஒரு புத்தகம். இடையில் பெட்டியை மாற்றினால் இரண்டும் ஒத்துவராது. இதைச் சொன்னதும் மாமா, "இத யாரும் எனக்குச் சொல்லலியே" என்றார். உண்மைதான். நானும் சொல்லவில்லை, சிரித்தேன்.

இரண்டு புத்தகமும் ஒத்துவராவிட்டால், அல்லது வேறு முறைகேடு நடந்திருந்தால்? அதற்கும் வழி உண்டு. முடிவு அரசிதழில் வெளிவந்த 21 நாளுக்குள் தேர்தல் நீதிமன்றத்தில் மனு கொடுக்கலாம். வெறும் பேச்சல்ல, வென்றவர்களும் உண்டு. 2018-இல் கேமரன் மலை நாடாளுமன்றத் தொகுதியில் மஇகா வேட்பாளர் பெற்ற வெற்றி, வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதன் காரணமாக அவ்வாண்டு நவம்பர் 30-இல் செல்லாததாக்கப்பட்டது. 2019 ஜனவரி 26-இல் இடைத்தேர்தல் நடந்தது. 2022 பொதுத்தேர்தலில் பாஸ் கட்சி வென்ற கோலத் திரங்கானு தொகுதியின் முடிவும் 2023 ஜூனில் ரத்தானது. ஆகஸ்ட் 12-இல் நடந்த இடைத்தேர்தலில் அதே வேட்பாளர் மீண்டும் வென்றார். சான்று இருந்தால் முடிவு மாறும். சான்று இல்லாத கோபத்தால் உறவு மட்டுமே மாறும்.

அன்று மாமா முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. "இந்த விதி எனக்குப் பிடிக்கல" என்றார். "அது நல்ல கேள்வி மாமா, அத விடாதீங்க" என்றேன்.

அதே ஆண்டு நவம்பர் 19-இல் பொதுத்தேர்தல் வந்தது. எந்த அணிக்கும் தனிப் பெரும்பான்மை கிடைக்காமல், ஐந்து நாள் கழித்து டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் பிரதமரானார். நாடே அந்த முடிவைப் பற்றி வாதாடிக்கொண்டிருந்தபோது மாமா அமைதியாக இருந்தார். காரணம், தம் கட்சியின் எண்ணிக்கைப் பிரதிநிதியாகப் பெயர் கொடுத்து, ஒரு வரிசையில் கடைசிவரை உட்கார்ந்து பார்த்திருந்தார். பழைய தோட்டத்துப் பழக்கப்படி ஒரு சின்னப் புத்தகத்தையும் எடுத்துப் போயிருக்கிறார்.

"எப்படி மாமா?" என்று கேட்டேன். "எங்க வரிசையில ஒரு ஓட்டு கூடல, குறையல. மத்த எடம் நான் பார்க்கல, எனக்குத் தெரியாது" என்றார். பார்த்ததைப் பார்த்தேன் என்றும், பார்க்காததைத் தெரியாது என்றும் சொல்வதைவிட நல்ல ஆய்வறிக்கை வேறென்ன வேண்டும்? 2023 பொங்கலுக்குக் கரும்பு வந்தது. அம்மா அதை வாசலில் கட்டச் சொன்னார்.

2021 டிசம்பர் 15 முதல் நம் நாட்டில் 18 வயதிலேயே வாக்களிக்கலாம். பெயரும் தானாகவே பதிவாகிவிடும். படிவம் ஐந்தில் இருப்பவர்களுக்கு அந்த நாள் அருகில். உங்கள் கட்சியும் ஒருநாள் தோற்கும். அப்போது மாமாவின் நாற்காலியில் நீங்கள் இருப்பீர்கள்.

செய்து பாருங்கள்

1. ஒரே அளவுள்ள சிவப்பு மணி 50, பச்சை மணி 50 எடுங்கள். ஒரு டப்பாவில் சிவப்பைக் கீழும் பச்சையை மேலும் போடுங்கள். கலக்காமல் மேலிருந்து 10 மணி எடுத்து எண்ணுங்கள். பிறகு நன்றாகக் கலக்கி, கண்ணை மூடி 10 எடுங்கள். ஐந்து முறை செய்து ஒப்பிடுங்கள்.

2. மேலே உள்ள நான்கு தொகுதிப் பயிற்சியில், இ கட்சி போட்டியிலிருந்து விலகி, அதன் ஓட்டுகள் எல்லாம் ஆ கட்சிக்குப் போனால் யாருக்கு எத்தனை இடம்?

3. ஐந்து வரிசைப் பயிற்சியில் முடிவுகள் 5, 4, 3, 2, 1 என்று வந்தால் முன்னிலை எப்படி மாறும்? வரைபடம் வரையுங்கள்.

4. நீங்கள் உறுதியாக நம்பும் ஒன்றை எழுதுங்கள். எதைப் பார்த்தால் அதைக் கைவிடுவீர்கள் என்று அடுத்த வரியில் எழுதுங்கள். இரண்டாம் வரி வெறுமையாக இருந்தால், வீட்டில் வேறு யாரிடமும் அந்தக் கேள்வியைக் கேட்பதற்கு முன் இன்னும் கொஞ்சம் யோசியுங்கள்.